கார் துருவும் வாரண்டித் தகராறும்: எந்த வழி யாருக்கு?

காரின் தகட்டில் துரு கண்டவர் முன் ஐந்து வழிகள் உள்ளன: வாரண்டியில் சரிசெய்யக் கேட்பது, கம்பெனியிடம் பேசிச் செலவைப் பகிர்ந்துகொள்வது, இன்சூரன்ஸில் கோருவது, கைக்காசு போட்டு டிங்கரிங் செய்வது, நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது. எது பொருந்தும் என்பதை முதலில் இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. துரு தகட்டின் எந்தப் பக்கத்தில் தொடங்கியது? எவ்வளவு ஆழம் போயிருக்கிறது? காரின் வயதும் விலையும் அதற்கு அடுத்தபடிதான்.

துரு எங்கிருந்து வருகிறது

சென்னையின் சாந்தோம், பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர் தெருக்களில் நிற்கும் கார் மீது கடற்காற்றின் உப்பு தினமும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். இங்கே விடியற்காலைகளில் இந்த அளவு சர்வசாதாரணம். ஆகவே மழை பெய்யாத நாளிலும் தகட்டின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருக்கும். கடலைவிட்டு உள்ளே போகப் போகக் காற்றில் வரும் உப்பு வேகமாகக் குறைகிறது. தி.நகரில் நிற்கும் காருக்கு அதைவிடப் பெரிய எதிரி, வடகிழக்குப் பருவமழையில் தேங்கும் தண்ணீர்.

பராமரிப்பும் சில நேரம் கேடு செய்கிறது. கடலோரத் தெருக்களில் போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகள் பல. தினமும் அதை வாளியில் எடுத்து வண்டி துடைத்தால் உப்பை வலியக் கொண்டுவந்து பூசியதாகிவிடும். ஈரத்தோடு கவர் போட்டு மூடுவதும் அப்படித்தான்.

கதவின் அடிவிளிம்பைப் பார்த்தால் உள்ளிருந்து வரும் துரு விளங்கும். கண்ணாடி ரப்பரைத் தாண்டி இறங்கும் மழைநீர் கதவுக்குள் விழுந்து, அடியிலுள்ள சிறு துளைகள் வழியே வெளியேற வேண்டும். மரத்தடியில் நிற்கும் காரில் இலைத்தூளும் மண்ணும் அந்தத் துளைகளை அடைத்துவிடும். வெளித்தகடு உள்தகட்டின் மேல் மடிக்கப்பட்ட இடத்தில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். பிறகு ஒருநாள் வெளிப் பெயிண்டில் கடுகளவு கொப்புளங்கள் வரிசையாக எழும்பும். அப்போது துரு தொடங்கிப் பல மாதம் ஆகியிருக்கும்.

மூன்று நிலைகள்

முதல் நிலை மேல்துரு. கல் தெறித்தோ உரசியோ பெயிண்ட் போன இடத்தில் செம்பழுப்பு நிறம் தெரியும். தேய்த்தால் அடியில் பளபளப்பான இரும்பு கிடைக்கும். இரண்டாவது கொப்புளம். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் பெயிண்டைக் கீழிருந்து தூக்குகிறது. மூன்றாவது ஓட்டை. ஸ்குரூ டிரைவர் முனையால் லேசாக அழுத்தினாலே தகடு உள்ளே போகும்.

இடமும் முக்கியம். பானட், கதவு, டிக்கி, முன்பக்க மட்கார்டு ஆகியவை போல்ட்டில் மாட்டியவை; கழற்றி வேறு போடலாம். கதவுக்குக் கீழுள்ள ரன்னிங் போர்டு, தூண்கள், தரைத்தகடு, சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்கள் ஆகியவை வண்டியின் உடலோடு வெல்டிங் ஆனவை. இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் தனிச் சேசிஸ் கிடையாது, உடலே பாரத்தைத் தாங்குகிறது. எனவே இங்கே வரும் ஓட்டை பாதுகாப்புப் பிரச்சினை. 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டும்போதும் இது இடிக்கும்.

முதல் வழி: வாரண்டி

வாரண்டிப் புத்தகத்தில் இரண்டு வேறு வாக்குறுதிகள் இருக்கலாம். ஒன்று பொது வாரண்டி. மாருதி சுசூகி 2024 ஜூலையில் இதை 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் என்று உயர்த்தியது. இது பொருளிலோ வேலைப்பாட்டிலோ உள்ள குறையைச் சரிசெய்யும் உறுதி. இன்னொன்று, சில கம்பெனிகள் தனியாகத் தரும் துரு-ஓட்டை வாரண்டி. இதன் காலம் நீளம், வரம்பு குறுகல்: துரு உள்ளிருந்து தொடங்கித் தகட்டைத் துளைத்து வெளியே வந்தால் மட்டுமே செல்லும். கொப்புளத்தோடு போனால் இன்னும் ஓட்டை விழவில்லை என்ற பதில் வரும்.

விலக்குகளின் பட்டியலை அதைவிடக் கவனமாகப் படிக்க வேண்டும். கல் தெறிப்பு, பறவை எச்சம், மரப்பால், காற்றில் வரும் உப்பு, வெள்ளம், விபத்து, வெளியில் செய்த வேலை ஆகியவை வழக்கமாக அதில் இருக்கும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் துணைப்பொருள் மாட்டத் துளை போட்டிருந்தால், அந்த இடத்துத் துருவுக்கு வாரண்டி கேட்பது கடினம். கூடுதல் பணம் கட்டி வாங்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டி பெரும்பாலும் இயந்திர, மின் பாகங்களுக்கானது. பெயிண்டும் தகடும் அதில் சேர்வது அரிது. டெலிவரியின்போது ஷோரூம் விற்கும் ஆன்டி-ரஸ்ட் கோட்டிங்குக்குத் தனி அட்டை உண்டு. அதற்குப் பொறுப்பு கார் கம்பெனியா, கோட்டிங் கம்பெனியா என்பதும், ஆண்டுதோறும் காட்டியாக வேண்டுமா என்பதும் அந்த அட்டையிலேயே இருக்கும்.

மறுப்புக்கு சர்வீஸ் சென்டர் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: “வெளிக்காரணம்”. இதற்குப் பதில் தகட்டிலேயே இருக்கிறது. பெயிண்ட் அளவுமானியை வைத்தால் கம்பெனிப் பெயிண்டின் கனம் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். மறுபெயிண்ட் அடித்த இடம் அதைவிட மிகக் கூடுதலாகக் காட்டும். பட்டி போட்ட இடத்தில் காந்தம் சரியாக ஒட்டாது. அளவு கம்பெனி கணக்குக்குள் இருந்து, கீறலோ கல் தெறித்த தடமோ இல்லாமல், மடிப்பிலோ வெல்டிங் இணைப்பிலோ கொப்புளம் வந்திருந்தால் உள்ளிருந்து வந்த துரு என்ற வாதம் வலுக்கும். இடப்பக்கக் கதவில் இருப்பதே வலப்பக்கக் கதவிலும் அதே இடத்தில் இருந்தால் வாதம் இன்னும் வலுவாகும்.

இரண்டாம் வழி: பேசி முடிப்பது

வாரண்டி முடிந்து சில மாதங்களே ஆன காருக்கு இது ஏற்றது. தகட்டின் விலையைக் கம்பெனியும் கூலியை உரிமையாளரும் ஏற்பது போன்ற ஏற்பாடு இது. சட்டப்படி கம்பெனிக்கு இதில் கட்டாயம் இல்லை. எல்லா சர்வீஸும் கம்பெனி சென்டரில் செய்த பதிவு இருந்தால் வாய்ப்பு கூடுகிறது. சர்வீஸ் அட்வைசரோடு நிற்காமல் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சலில் போவது நல்லது. இத்துடன் எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது என்று எழுதிக் கேட்டால், துரு திரும்பினால் யார் பொறுப்பு என்பதைத் தெளிவாக்காமல் கையெழுத்திடக் கூடாது.

மூன்றாம் வழி: இன்சூரன்ஸ்

தேய்மானம் மோட்டார் பாலிசியின் விலக்கு. துருவும் அதில்தான் சேரும். ஆனால் வெள்ளம், புயல், விபத்து ஆகியவற்றின் சேதத்துக்கு ஓன் டேமேஜ் பாலிசி பணம் தரும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நீரில் நின்ற கார்களுக்கு இதுவே சரியான வழியாக இருந்தது. வாரண்டியில் இயற்கைச் சீற்றம் பொதுவாக விலக்கு. கோர வேண்டிய நேரம் உடனே. சர்வேயர் பார்க்கும்போதே கார்பெட்டைத் தூக்கித் தரைத்தகட்டையும், ரன்னிங் போர்டின் உட்புறத்தையும் காட்டி, சுத்தம் செய்து காயவைக்கும் செலவை எஸ்டிமேட்டில் சேர்க்க வேண்டும். ஓராண்டு கழித்துக் கிளம்பும் துருவை அந்த வெள்ளத்தோடு இணைத்து நிரூபிப்பது எளிதல்ல.

ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு) இல்லாத பாலிசியில் உலோகப் பாகத்துக்கு வயதுக்கேற்பக் கழிவு உண்டு: 2 முதல் 3 ஆண்டுக் காருக்கு 15 சதவீதம், 5 முதல் 10 ஆண்டுக் காருக்கு 40 சதவீதம். பெயிண்ட் பொருளில் 50 சதவீதம் கழியும். கோரினால் நோ கிளெய்ம் போனஸும் போகும். சிறு நசுங்கலுக்கு இது கட்டுபடியாகாது. ஆனால் இரும்பு தெரியும்படி விட்டுவைத்தால் அங்கேதான் துரு தொடங்கும். இன்சூரன்ஸ் கம்பெனி அநியாயமாக மறுத்தால், மறுத்த ஓராண்டுக்குள் தேனாம்பேட்டை அண்ணா சாலையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

நான்காம் வழி: கைக்காசு

வாரண்டி கடந்த காருக்கும், வெளியிலிருந்து வந்த மேல்துருவுக்கும் இதுவே நேர்வழி. மேல்துருவை இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, எபாக்ஸி பிரைமர், பெயிண்ட், கிளியர் கோட் என்று அடுக்கினால் போதும். தெருமுனை டிங்கரே நன்றாகச் செய்வார்.

போல்ட்டில் மாட்டிய பாகத்தில் ஓட்டை என்றால் ஒட்டுப் போடுவதைவிட மாற்றுவது மேல். புதுத் தகடு கம்பெனி ஸ்டோரில் கிடைக்கும். பழையது புதுப்பேட்டையில் மலிவு. அங்கே வாங்கும் கதவின் அடிமடிப்பையும் உட்புறத்தையும் டார்ச் அடித்துப் பார்க்காவிட்டால், ஒரு துருவைக் கொடுத்து இன்னொரு துருவை வாங்கியதாக முடியும்.

வெல்டிங் ஆன பாகத்தில் ஓட்டை என்றால், நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். கேஸ் வெல்டிங்கைவிட சி.ஓ.2 வெல்டிங் நல்லது. சூடு குறைவாகப் பரவுவதால் சுற்றியுள்ள துத்தநாகப் பூச்சு அதிகம் எரியாது. பட்டியோ ஃபைபரோ வைத்து ஓட்டையை மூடுவது துருவை மறைக்கும், நிறுத்தாது. வெல்டிங் முடிந்த பின் உட்குழிவுக்குள் மெழுகு வகைத் துருத்தடுப்பு அடித்தார்களா என்று கேட்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழைகளில் பின்பக்கத்திலிருந்தே துரு கிளம்பும்.

கம்பெனி சென்டரில் விலை அதிகம். பில்லும் வேலைக்கான உத்தரவாதமும் கிடைக்கும். வாரண்டி உயிரோடிருக்கும் காருக்கு அங்கேதான் போக வேண்டும். பழைய காருக்குக் கைதேர்ந்த டிங்கர் போதும்.

ஐந்தாம் வழி: நுகர்வோர் ஆணையம்

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே தரலாம் என்பதால் மயிலாப்பூர்வாசி கம்பெனியின் தலைமையகத்தைத் தேடி டெல்லிக்கோ மும்பைக்கோ போக வேண்டியதில்லை. கட்டணமும் சிறிது: 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. வக்கீல் கட்டாயமில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தால் சில தகராறுகள் அங்கேயே முடியும்.

குறையைச் சோதித்துத்தான் அறிய முடியும் என்றால் ஆணையம் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம்; செலவைப் புகார்தாரர் முன்கட்ட வேண்டியிருக்கும். சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் பொறுமை வேண்டும்.

எதை எதிர்பார்க்கலாம் என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் அளவுகோல். மாருதி உத்யோக் எதிர் சுசீல் குமார் கப்கோத்ரா வழக்கில் 2006இல், குறையுள்ள பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவதுதான் வாரண்டியின் கடமை, முழுக் காரையும் மாற்றித் தருவதல்ல என்று நீதிமன்றம் கூறியது. கதவில் துரு என்றால் கதவைக் கேட்கலாம். புதுக் காரைக் கேட்டால் வழக்கு பலவீனமாகும். டாடா மோட்டார்ஸ் எதிர் அந்தோனியோ பாவ்லோ வாஸ் வழக்கு கோவாவில் எழுந்தது. 2011இல் புதிது என்று விற்ற கார் 2009ஆம் ஆண்டுத் தயாரிப்பு. அடிப்பாகத்தில் துரு, 622 கிலோமீட்டர் ஓடிய கணக்கு என்பவை வாங்கியவரின் புகார்கள். டீலரின் செயலுக்கு, தனக்குத் தெரிந்திருந்ததாகக் காட்டப்படாத நிலையில், தயாரிப்பாளர் பொறுப்பல்ல என்று 2021இல் நீதிமன்றம் டாடா மோட்டார்ஸை விடுவித்தது. ஆகவே தயாரிப்புக் குறைக்குக் கம்பெனி, விற்பனைக் குறைக்கு டீலர் என்று புகாரில் பிரித்து எழுதி இருவரையும் சேர்க்க வேண்டும்.

ஒரே மாடலில் ஒரே இடத்தில் பலருக்குத் துரு வந்தால், ஆணையத்தின் அனுமதியோடு எல்லாருக்குமாக ஒரே புகார் தரச் சட்டம் இடம் தருகிறது. அமெரிக்காவில் டகோமா, டண்ட்ரா, செக்வோயா வண்டிகளின் சேசிஸ் துருவுக்காக உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, 2016இல் ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகளுக்கு டொயோட்டாவைச் சமரசத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

யாருக்கு எது

வாரண்டிக் காலத்துக்குள், மடிப்பில் அல்லது இணைப்பில், கீறலின்றி வந்த துரு: வாரண்டி, மறுத்தால் ஆணையம். வாரண்டி அண்மையில் முடிந்தது, சர்வீஸ் பதிவு முழுமை: பேச்சு. வெள்ளமோ மோதலோ: உடனே இன்சூரன்ஸ். கல் தெறிப்பு, கீறல், பழைய கார்: கைக்காசு. ரன்னிங் போர்டும் தரைத்தகடும் பல இடத்தில் ஓட்டையான பழைய கார்: வெல்டிங் எஸ்டிமேட் காரின் சந்தை விலையை நெருங்கினால் விற்றுவிடுவதே லாபம், துருவை மறைக்காமல்.

எந்த வழியானாலும், தேய்ப்புக்கல் தகட்டைத் தொடும் முன் மூன்று காகிதங்கள் கையில் இருக்க வேண்டும்: தேதியோடு எடுத்த படங்கள், “துரு” என்ற சொல்லும் இடமும் எழுதப்பட்ட ஜாப் கார்டு, எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்ற எழுத்துப்பூர்வமான பதில். வாய்மொழி மறுப்பை ஏற்று, தேய்த்துப் பெயிண்ட் அடித்த பிறகு போடும் வழக்கில் காட்ட ஆதாரம் எதுவும் மிஞ்சாது.