கேக் உறையில் ஓர் அறிவியல் பாடம்

சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பில் ஒரு மாணவனுக்குப் பிறந்தநாள். எல்லோருக்கும் சிறிய பாக்கெட் கேக் கொடுத்தான். ஒரு மாணவி மட்டும் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சீலியாக் நோய் இருப்பதை அவள் தாய் முன்பே சொல்லியிருந்தார். உறையில் பச்சைப் புள்ளியும் ‘எக்லெஸ்’ என்ற சொல்லும் இருந்தன. “முட்டைகூட இல்லை, சாப்பிடலாம்மா” என்றேன். அன்று மாலையே வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு. இரண்டு நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. தவறு என்னுடையது. அதிலிருந்து பிறந்ததுதான் இந்தச் செயல்பாடு.

முதலில் குளூட்டன் எது என்று காட்டினேன். மைதாவையும் அரிசிமாவையும் தனித்தனியே பிசைந்து, உருண்டைகளை நீரில் கழுவச் சொன்னேன். அரிசிமாவு கரைந்துபோனது. மைதாவில் ரப்பர் போன்ற பசை மிஞ்சியது. அதுவே குளூட்டன், கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். சீலியாக் நோயுள்ளவர் இதை உண்டால், அவரது நோய் எதிர்ப்பு மண்டலமே சிறுகுடலின் குடலுறிஞ்சிகளைச் சிதைக்கிறது. உண்ட சத்து உடலில் சேராது. வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதே இதற்குச் சிகிச்சை.

அடுத்து, காலி கேக் உறைகளைக் கொண்டுவரச் சொன்னேன். குழுவுக்கு மூன்று உறைகள், நான்கு கேள்விகள்:

1. உட்பொருள் பட்டியலில் முதலில் இருப்பது எது? அதிக எடையுள்ள பொருளே முதலில் அச்சிடப்படும்.
2. கோதுமை வேறு பெயரில் ஒளிந்திருக்கிறதா? ‘ரிஃபைன்ட் வீட் ஃப்ளோர்’ என்பது மைதா. ‘செமோலினா’ என்பது ரவை. ‘மால்ட்’ பெரும்பாலும் பார்லியிலிருந்து வருவது.
3. ஒவ்வாமை அறிவிப்பில் ‘கன்டெய்ன்ஸ் வீட்’ அல்லது ‘மே கன்டெய்ன் வீட்’ என்று உள்ளதா? இரண்டாவது, கலந்திருக்க வாய்ப்பு உண்டு என்ற எச்சரிக்கை.
4. ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று உள்ளதா? இந்திய விதிப்படி அப்படி அச்சிட, ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.

ஓர் உறையின் முகப்பில் ராகிக் கதிர் படம். பின்புறப் பட்டியலில் முதலில் மைதா, நான்காவதாகத்தான் ராகி! “டீச்சர், முன்பக்கம் ஒண்ணு சொல்லுது, பின்பக்கம் வேற சொல்லுது” என்றான் ஒருவன். பச்சைப் புள்ளி சைவம் என்பதை மட்டுமே சொல்கிறது என்பதும் அன்று எல்லோருக்கும் புரிந்தது, எனக்கும் சேர்த்து.

பாடம் கேக்கோடு நிற்கவில்லை. சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு சேர்ப்பதுண்டு. சத்துணவுக்கூடத்தில் அந்த டப்பாவை வாங்கி மாணவர்களே படித்தார்கள். கோதுமை மாவு இருந்தது. சமையலரம்மா அவளுக்கு மட்டும் பெருங்காயம் சேர்க்கும் முன்பே சாம்பாரை எடுத்து வைக்கிறார். தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் காலை உணவில் வரும் ரவை, சேமியா உப்புமாவையும் கவனிக்க வேண்டும். இரண்டும் கோதுமைதான்.

ஒன்றை மறக்க வேண்டாம்: நோயை முடிவு செய்வது மருத்துவர். பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்தினால் முடிவு தவறாக வரக்கூடும். அடிக்கடி வயிற்றுப்போக்கு, எடை குறைவு, இரத்தசோகை உள்ள குழந்தையைப் பெற்றோரிடம் பேசி மருத்துவரிடம் அனுப்புவதே நம் பணி.

இவ்வாண்டு அந்த மாணவியின் பிறந்தநாளுக்கு அவள் அம்மா அரிசிமாவுக் கொழுக்கட்டை செய்து அனுப்பினார். வகுப்பே சேர்ந்து சாப்பிட்டது. இப்போது யார் எந்தப் பொட்டலம் கொண்டுவந்தாலும், பிரிப்பதற்கு முன் பின்பக்கத்தை யாராவது உரக்கப் படிக்கிறார்கள்.