சாந்தினி சௌக்கில் சிப் வாங்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் நம் தமிழர் வீடுகளில் எலெக்ட்ரானிக்ஸ் மேல் ஆசை வைத்த பிள்ளை ஒன்றாவது இருக்கும். ஆன்லைனில் கண்ணில் படுகிற போர்டையெல்லாம் வாங்கிக் குவிக்க வேண்டாம். காளிகாட்டில் மெட்ரோ ஏறி, எஸ்பிளனேடுக்கு அடுத்த நிறுத்தமான சாந்தினி சௌக்கில் இறங்குங்கள். மதன் தெருக் கடைகளில் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம். பல வருடம் அங்கே போய் வந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

1. சிப்பைத் தேடும் முன் வேலையை ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை பின் வேண்டும், வைஃபை வேண்டுமா, பேட்டரியில் ஓட வேண்டுமா? மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் பஸ்ஸர் அடித்தால் போதும் என்றால், 8 கால், 8 கேபி நினைவகம் கொண்ட ஏடிடைனி85 தாராளம். தொட்டியின் அளவை அலுவலகத்திலிருந்து போனில் பார்க்க வேண்டுமென்றால்தான் வைஃபை உள்ள ஈஎஸ்பி வகை தேவை. மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் 230 வோல்ட் வேலையை மட்டும் எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். அதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

2. முதல் போர்டாக அர்டுயினோ ஊனோ மாதிரியில் ஒன்று வாங்கலாம். அர்டுயினோ 2005-இல் இத்தாலியில் இவ்ரியா என்ற ஊரில் பிறந்தது. அதன் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்தே வைத்திருக்கிறார்கள். அதனால் வேறு பெயரில் வரும் மலிவு போர்டு திருட்டுச் சரக்கு அல்ல. அர்டுயினோவின் பெயரையும் முத்திரையையும் போட்டு ஏமாற்றுவதுதான் போலி. இரண்டு வகை ஊனோ கிடைக்கும். ஒன்றில் சிப் சிறு சதுரமாக போர்டோடு ஒட்டியிருக்கும். இன்னொன்றில் 28 கால் கொண்ட நீளமான ஏடிமெகா328பி, சாக்கெட்டில் செருகியிருக்கும். இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளை தவறுதலாகச் சிப்பைக் கருக்கிவிட்டால், சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்துவிட்டு வேறு சிப் செருகினால் போதும், போர்டு பிழைக்கும். மாற்றுச் சிப் கேட்கும்போது, பூட்லோடர் என்ற தொடக்க மென்பொருள் ஏற்றியதா என்பதையும் கேளுங்கள். மலிவு போர்டுகள் பலவற்றில் யுஎஸ்பிக்கு சிஎச்340 என்ற சிப் இருக்கும். கம்ப்யூட்டர் போர்டைக் கண்டுகொள்ளாவிட்டால் அதற்கான டிரைவரைப் போட்டுப் பாருங்கள்.

3. ஈஎஸ்பி32, ஈஎஸ்பி8266 இரண்டும் 3.3 வோல்ட் சிப்புகள். ஊனோவோடு 5 வோல்ட்டில் பழகிய கை இங்கேதான் தவறு செய்யும். தூரம் அளக்கும் அல்ட்ராசானிக் சென்சாரின் எக்கோ பின்னிலிருந்து 5 வோல்ட் வரும், அதை நேராகச் செருகாதீர்கள். எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம். இரண்டும் சேரும் இடத்திலிருந்து சிப்புக்கு வயர் எடுங்கள். மூன்றில் இரண்டு பங்காக, சுமார் 3.3 வோல்ட்தான் போய்ச் சேரும். சில்லறைக் காசு ரெசிஸ்டர் இரண்டு ஒரு போர்டையே காப்பாற்றும்.

4. சிறு பிள்ளைகளுக்கு என் தேர்வு ராஸ்பெரி பை பிகோ. 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வந்தது. 264 கேபி ராம், ஊனோவில் இருப்பதோ 2 கேபி. புரோகிராம் ஏற்றத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். போர்டிலுள்ள வெள்ளைப் பட்டனை அழுத்திக்கொண்டே யுஎஸ்பியில் செருகினால் பென்டிரைவ் போலத் திரையில் தெரியும். மைக்ரோபைத்தான் கோப்பை அதில் இழுத்துப் போட்டால் முடிந்தது. இதுவும் 3.3 வோல்ட்தான், மேலே சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

5. சிப்பின் விலையோடு புரோகிராம் ஏற்றும் கருவியின் விலையையும் கூட்டிப் பாருங்கள். பலர் கணக்கு தப்புவது இங்கேதான். சிஎச்32வி003 என்ற ரிஸ்க்-ஃபைவ் சிப் மொத்தமாக வாங்கினால் ஒன்று 10 அமெரிக்க சென்ட் அளவுக்குத்தான் வரும். 48 மெகாஹெர்ட்ஸ், 16 கேபி நினைவகம். அந்தக் காசுக்கு இது அதிசயம்தான். ஆனால் அதற்குள் புரோகிராம் ஏற்ற டபிள்யூசிஎச்-லிங்க்ஈ என்ற கருவி வேண்டும். ஏவிஆருக்கு யுஎஸ்பிஏஎஸ்பி, எஸ்டிஎம்32-க்கு எஸ்டி-லிங்க், பிக்குக்கு பிக்கிட் என்று சிப் குடும்பத்துக்கு ஒன்று. ஒரே ஒரு பொருள் செய்ய இதையெல்லாம் வாங்குவது வீண். இருபது, முப்பது பொருள் செய்யப் போகிறீர்கள் என்றால் அந்த 10 சென்ட் சிப் லாபம். எதை எடுத்தாலும் ஒரு குடும்பத்தோடு இரண்டு வருடமாவது இருங்கள்.

6. 8051 வகைச் சிப்பைக் கல்லூரிப் பாடத்தில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். அதற்கு எஸ்டிசிசி என்ற கம்பைலர் இலவசம்.

7. யுஎஸ்பி கேபிள் சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு முறை புது போர்டு கெட்டுவிட்டது என்று நினைத்து, திருப்பிக் கொடுக்கக் கடைவரை போய்விட்டேன். கடைக்காரர் தன் கேபிளைச் செருகியதும் விளக்கு மின்னியது. என்னுடையது சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள், உள்ளே டேட்டா வயரே கிடையாது. உங்கள் கேபிளால் போனைக் கம்ப்யூட்டரில் இணைத்து, படங்கள் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அதன் தலையில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி உள்ளதை மட்டும் போர்டுக்கு எடுங்கள்.

8. போர்டில் மிச்சம் பிடித்த பணத்தைக் கருவியில் போடுங்கள். 25 வாட் சால்டரிங் அயர்ன், நல்ல ஈயம், ஒரு மல்டிமீட்டர். மலிவான மஞ்சள் மல்டிமீட்டர் பேட்டரி, போர்டு வேலைக்குச் சரி, சுவர் பிளக்கில் மட்டும் அதை வைக்காதீர்கள். அடுத்த கட்டத்தில் 8 சேனல், 24 மெகாஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசர். கட்டைவிரல் நீளப் பெட்டிதான். பல்ஸ்வியூ என்ற இலவச மென்பொருளோடு சேர்த்தால், இரண்டு சிப் பேசிக்கொள்வதைத் திரையில் கோடு கோடாகப் பார்க்கலாம். விலையுயர்ந்த கருவி இல்லையே என்று பிள்ளைகள் சோர்ந்தால், சாந்தினி சௌக் மார்க்கெட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் உள்ள பௌபஜாரைக் காட்டுங்கள். 210-ஆம் எண் கட்டிடத்தில் இருந்த ஆய்வுக்கூடத்தில்தான் நம் சி.வி. ராமன் 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவைக் கண்டார். அவர் கையில் இருந்தவை எளிய கருவிகள்தான்.

9. மார்க்கெட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். எண்ணும் மதிப்பும் எழுதிய பட்டியலோடு, கூட்டம் சேரும் முன் போங்கள். “தாதா, ஏக்டு செக் கொரே தின்” என்று சோதித்துத் தரக் கேட்டால் பெரும்பாலும் செருகிக் காட்டுவார்கள். தனிச் சிப் என்றால் இரண்டாக வாங்குங்கள். ஒன்று கருகினால் மறுபடி மெட்ரோ ஏற வேண்டாம்.

10. பூஜைக்கு விளக்கு செய்ய ஆசையா? ஹவுராவிலிருந்து ரயிலேறி, ஜகத்தாத்ரி பூஜை நாளில் சந்தன்நகர் போய்ப் பாருங்கள். அந்த ஊர் விளக்குக் கலைஞர்கள் ஒரு காலத்தில் சுழலும் உருளையில் செப்புத் தகடு பதித்து, அது தொட்டு விலகும் வரிசையில் பல்புகளை ஓட வைத்தார்கள். அந்த உருளையின் வேலையை இன்று ஒரு சிப்பும் பிக்சல் எல்ஈடி மாலையும் செய்துவிடும். ஆனால் ஒரு பிக்சல் முழு வெள்ளையில் எரிய சுமார் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். 100 பிக்சலுக்கு 6 ஆம்பியர். போர்டின் 5 வோல்ட் பின் அதைத் தாங்காது. தனி பவர் சப்ளை வைத்து, அதன் கிரவுண்டை மட்டும் போர்டோடு சேர்த்துவிடுங்கள்.

11. ஆடி, ஆவணி ஈரம் கல்கத்தாவில் எதையும் விடாது. பிரெட்போர்டின் உள் கவ்விகள் களிம்பேறும், ஹெடர் பின்கள் கறுக்கும். மூடி இறுகும் டப்பாவில், மாத்திரைப் புட்டியிலிருந்து எடுத்த சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு எல்லாவற்றையும் போட்டு வையுங்கள். சால்டரிங் அயர்னை அணைக்கும் முன் முனையில் கொஞ்சம் புது ஈயம் பூசிவிட்டு ஆறவிடுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது முனை கறுக்காமல் ஈயம் பிடிக்கும்.