வீடு திரும்பும் மருமகனுக்கு

அன்பு மருமகனே,

அடுத்த மாதம் திரேஸ்புரம் வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று உன் அம்மா சொன்னாள். "இனி எல்லாத்துக்கும் நான் இருக்கேன்" என்றாள். அவள் பாசத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் அவளிடம் விட்டுவிடாதே.

கம்ப்ரசர் காற்றோடு சங்கு குளிக்கும்போது, ஆழத்தில் இருக்கும் நேரம் கூடக் கூட நைட்ரஜன் உடம்பில் கரைந்து சேர்கிறது. வேகமாக மேலே வந்தால் அது குமிழியாகித் தண்டுவடத்தைக் கெடுத்துவிடும். உன் கால்களை முடக்கியது அதுதான். கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றுக்கு இனி வேலை அதிகம்.

உணர்வில்லாத தோலில் புண் வந்தால் வலிக்காது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போது கால் மணிக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கு. காலையும் இரவும் கண்ணாடி வைத்துப் பின்புறம் சிவந்திருக்கிறதா என்று பார். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர்க் குழாயை நீயே போட்டு எடுக்கப் பழகு. கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அதை அம்மா செய்தால், அம்மா இருக்கும் வீட்டைத் தாண்டி ஓர் இரவுகூட உன்னால் தங்க முடியாது.

வாசல் படி ஓர் அடி உயரம்; சாய்தளம் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அதைவிடக் குறைத்தால் சக்கர நாற்காலியை நீ தனியாக ஏற்ற முடியாது. குளியலறைக் கதவை 90 சென்டிமீட்டர் அகலமாக்கச் சொல். உதவித்தொகை உன் பெயரிலுள்ள கணக்குக்கு வரட்டும், ஏடிஎம் அட்டையும் உன்னிடமே இருக்கட்டும்.

தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதை 1981-இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கடற்படை அதிகாரி தேர்வில் 1975-இல் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். உண்ண, உடுத்த, புரண்டு படுக்க அவருக்குப் பிறர் கை வேண்டும். ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்காக அவ்வளவு பெரிய நிறுவனத்தை வளர்த்தார். 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார். அமெரிக்காவில் பெர்க்லி நகரில் 1972-இல் சுதந்திர வாழ்வு மையம் உருவாக முன்நின்ற எட் ராபர்ட்ஸும் போலியோவால் முடங்கியவர்தான்; மூச்சுக்கே கருவி தேவைப்பட்டது. இவர்களை யாராவது அண்டிப் பிழைத்தவர்கள் என்று சொல்வார்களா?

நம் கடலில் முத்துக் குளித்த காலத்தை நினைத்துப் பார். படகில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கீழே இருப்பவன் எப்போது இழுக்கிறானோ அப்போதுதான் மேலிருப்பவன் தூக்குவான். உதவி மேலே இருந்தது, முடிவு கீழே இருந்தது. உனக்கு உதவ வருபவரிடமும் இப்படித்தான் பேச வேண்டும்: எங்கே பிடிக்க வேண்டும், எப்போது தூக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று நீ சொல். அவர்கள் கோபித்தாலும் சொல். இதைப் பழகவும் நாள் ஆகும்.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பணிகளில் 4 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு. நீ பத்தாம் வகுப்போடு நிறுத்தியதால் முதலில் பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக முடி. இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் கேட்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடு. மனுவை உன் கையாலேயே எழுது. சாய்தளத்துக்கு அளவெடுக்க ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரோடு உன் வீட்டுக்குப் போகிறேன். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அவரிடம் நீதான் சொல்ல வேண்டும், போனில் இருந்துகொள்.

அன்புடன்,
மாமா