கெட்ட செய்தி கொண்டுவருபவன்



கம்ப்யூட்டர் ஸ்தாபனங்களின் நிர்வாகத்தைப் பற்றி, ஈசூனில் மளிகைக் கடை வைத்திருக்கும் நாம் எழுதப் புகுந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நாம் படித்ததெல்லாம் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும்தான். எனினும் விஷயம் நமக்கு அந்நியமானதன்று. நம்மவர் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று அத்தொழிலில்தான் உத்தியோகம் பார்க்கின்றனர். சிலர் முப்பது வயதுக்குள்ளாகவே பத்துப் பேரிடம் வேலை வாங்கும் பொறுப்புக்கு வந்துவிட்டனர். நம் கல்லாவும் இருப்புக் கணக்கும்கூட இயந்திரத்துக்குள் புகுந்துவிட்டன. ஆகவே, தலைமையில் இருப்பவர் எப்படி நடந்துகொண்டால் கீழே உள்ளவர்கள் உண்மையைச் சொல்வார்கள் என்பதை, இந்தச் சிங்கப்பூரிலேயே நடந்த ஒரு சம்பவத்தைக் கொண்டு ஆராய்வோம்.

2018-ஆம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி அரசாங்கம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. சிங்ஹெல்த் என்னும் மருத்துவமனைக் குழுமத்தின் கம்ப்யூட்டர்களில் திருடர்கள் புகுந்து, ஏறக்குறைய 15 லட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி முதலிய விவரங்களை அள்ளிச் சென்றுவிட்டனர் என்பதே அந்த அறிவிப்பு. அவர்களில் 1,60,000 பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளின் விவரமும் போயிற்று. அப்போது பிரதமராயிருந்த லீ சியன் லூங் அவர்களின் விவரமும் அதில் அடக்கம்.

நம் ஈசூனில் 2010-ல் திறக்கப்பட்ட கூ டெக் புவாட் மருத்துவமனை வேறு குழுமத்தைச் சேர்ந்தது. ஆயினும் நாம் தப்பித்தோம் என்று மகிழ இடமில்லை. லிட்டில் இந்தியாவை அடுத்துள்ள கேகே மாதர், சிறார் மருத்துவமனை சிங்ஹெல்த்தைச் சேர்ந்தது. பிரசவத்துக்கும் பிள்ளை வைத்தியத்துக்கும் அங்கே போகாத குடும்பம் நம்மில் எத்தனை? உங்கள் விவரமும் போயிற்று என்று குறுஞ்செய்தி வந்ததும், கைத்தொலைபேசியை நீட்டி நம்மிடம் அர்த்தம் கேட்ட வாடிக்கையாளர்கள் உண்டு. மேலும், பொது மருத்துவமனைகள் அனைத்துக்கும் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்து வந்தது ஒரே ஸ்தாபனந்தான். அன்று அதன் பெயர் ஐ.எச்.ஐ.எஸ். 2023-ல் அது சினாப்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

திருட்டு நடந்த விதத்தை விசாரிக்க ரிச்சர்ட் மேக்னஸ் அவர்களின் தலைமையில் நால்வர் கொண்ட குழு நியமிக்கப்பட்டது. அதன் அறிக்கை 2019 ஜனவரி 10-ந் தேதி வெளியாயிற்று. அதிலிருந்து தெரியவரும் வரிசையைக் கவனியுங்கள்.

திருடர்கள் 2017 ஆகஸ்டிலேயே உள்ளே நுழைந்து பதுங்கிவிட்டனர். 2018 ஜூன் 11-ந் தேதி தொடங்கி, முக்கியமான தகவல் களஞ்சியத்துக்குள் நுழைய யாரோ தவறான சாவிகளைப் போட்டு முயல்வதைக் கீழ்மட்ட ஊழியர் சிலர் கண்டனர். தங்களுக்குள் பேசிக்கொண்டனர். மேலே சொல்ல வேண்டியவர்களுக்கும் விஷயம் எட்டியது. ஜூன் 26-லும் இப்படியே நடந்தது. மறுநாள் முதல் திருடர்கள் விவரங்களை வாரி வெளியே அனுப்பத் தொடங்கினர். ஜூலை 4-ந் தேதி, களஞ்சியத்தைக் கவனித்து வந்த ஓர் ஊழியர் வழக்கத்துக்கு மாறான கேள்விகள் அதற்குள் ஓடுவதைப் பார்த்து, சகாக்களுடன் சேர்ந்து அதை நிறுத்தினார். அப்போதாவது செய்தி மேலே போயிற்றா? இல்லை. ஸ்தாபனத்தின் உச்சியில் இருந்தவர்களுக்கு ஜூலை 9-ந் தேதி மாலையில்தான் தெரிந்தது. அமைச்சுக்கும் இணையப் பாதுகாப்பு அமைப்புக்கும் 10-ந் தேதி சொல்லப்பட்டது.

ஜூன் 11 முதல் ஜூலை 10 வரை ஏறத்தாழ ஒரு மாதம். கண் பார்த்துவிட்டது, வாய் திறக்கவில்லை!

ஏன் திறக்கவில்லை? இத்தகைய சம்பவங்களை மேலே தெரிவிப்பதே தம் வேலையாகக் கொண்ட நடு நிர்வாகி ஒருவர், சந்தேகம் முழுவதும் ஊர்ஜிதமான பிறகுதான் சொல்ல வேண்டும் என்று தவறாக எண்ணியிருந்தார். அத்துடன் இன்னொரு காரணமும் விசாரணையில் வெளிப்பட்டது. மேலிடத்துக்குச் சொன்னால் விளக்கம் கேட்டு விரட்டுவார்கள், இரவும் பகலும் வேலை கூடும் என்ற தயக்கமே அது. திருடன் கதவை ஆட்டுகிறான்; காவலாளியோ, 'முதலாளியை எழுப்பினால் விடிய விடியக் கேள்வி கேட்பார்' என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறான். குற்றம் காவலாளியுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் முதலாளியை எழுப்புவதைவிடத் திருடனை விட்டுவிடுவதே சுலபம் என்று அவனுக்குப் படும்படி அந்த வீடு ஏன் இருந்தது என்று கேட்காமல் விடலாமா?

இதற்கு முன்பே ஒரு கதை உண்டு. 2014-ல் அந்த ஸ்தாபனத்தின் ஊழியர் ஒருவர், மருத்துவப் பதிவேட்டு மென்பொருளில் ஓட்டை இருப்பதாகக் கண்டார். அதை அவர் போட்டிக் கம்பெனி ஒன்றுக்கு எழுதிவிட்டார். அது பெரும் பிழை, வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவரை நீக்கியது சரியே என்போம். ஆனால் அவர் சொன்ன ஓட்டை மெய்யாகவே உண்டா என்று அப்போது தீர ஆராய்ந்தார்களில்லை. சொன்னவனைக் கவனித்தார்கள், சொல்லைக் கவனிக்கவில்லை. 2018-ல் திருடர்கள் களஞ்சியத்தின் சாவியைப் பெற்றதும் அந்த மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டை வழியாக இருக்கக்கூடும் என்பது குழுவின் கருத்து. இந்த இடத்தைப் படித்தபோது, கடையில் நாமே இப்படி எத்தனை முறை செய்திருக்கிறோம் என்ற எண்ணம் வந்து சற்றுநேரம் தாளை மூடி வைத்துவிட்டோம்.

பின்னர் ஸ்தாபனம் இருவரை வேலையிலிருந்து நீக்கியது, ஒருவரைப் பதவியிறக்கியது. தலைமை நிர்வாகி உள்ளிட்ட மேலதிகாரிகள் ஐவருக்குப் பண அபராதம் விதித்தது. தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையமும் ஸ்தாபனத்துக்கு 7,50,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 2,50,000 வெள்ளியும் அபராதம் போட்டது. இவற்றை எல்லாரும் பேசினார்கள். தம் வேலைக்கு அப்பாலும் போய் விழிப்புடன் நடந்துகொண்ட மூன்று ஊழியர்களுக்குப் பாராட்டுக் கடிதம் கொடுக்கப்பட்டதை மட்டும் அதிகம் பேர் பேசவில்லை. நம் அபிப்பிராயத்தில், நாளைய ஊழியனை வாய் திறக்கச் செய்வது அந்த மூன்று கடிதங்கள்தாம். மேலே இருந்தவரும் தண்டனையில் பங்கு கொண்டார் என்பதும் நல்ல முன்மாதிரியே. கடையில் நஷ்டம் வந்தால் சிப்பந்தியின் சம்பளத்தில் பிடித்துவிட்டுத் தம் பங்கை மறந்துவிடும் முதலாளிகள் நம்மில் இல்லையா?

இந்த விஷயத்தை அமெரிக்காவில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன் என்னும் அம்மையார், 1990-களில் மருத்துவமனைத் தாதியர் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல குழுவில் பிழை குறைவாயிருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கோ தலைகீழாய் வந்தது. நல்ல தலைவியின் கீழிருந்த குழுவில்தான் அதிகப் பிழைகள் பதிவாயிருந்தன! அவர்கள் அதிகம் பிழை செய்தவர்கள் அல்லர், செய்ததைச் சொன்னவர்கள். கடுமையான தலைவியின் கீழ் பிழைகள் மறைந்தே கிடந்தன. பின்னர் கூகள் கம்பெனியும் 2012 முதல் தன் குழுக்களில் 180 வரை எடுத்து ஆராய்ந்தது. யார் யார் குழுவில் இருக்கிறார்கள் என்பதைவிட, அவர்கள் எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்பதே முக்கியம் என்று கண்டது. அதிலும் முதலாவதாக நின்றது, தெரியாததைத் தெரியாது என்றும், தவறு செய்தால் செய்தேன் என்றும் அச்சமின்றிச் சொல்ல முடிகிறதா என்பதே.

'பயமில்லாவிட்டால் வேலை நடக்குமா?' என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சோம்பலுக்கும் திருட்டுக்கும் இடம் கொடு என்று எவரும் சொல்லவில்லை. தவறு செய்தவனுக்குப் பயம் இருக்கட்டும். தவறைச் சொல்ல வருபவனுக்கு அது இருக்கக்கூடாது. இரண்டும் ஒரே ஆளாக இருக்கும்போதுதான் முதலாளியின் பொறுமைக்குச் சோதனை. கம்ப்யூட்டர் வேலையில் இது இன்னும் கடுமை. அரிசி மூட்டையில் ஓட்டை விழுந்தால் தரையில் சிந்துவதை எவரும் பார்க்கலாம். அங்கே சிந்துவது, இரவு இரண்டு மணிக்குத் திரையின் முன் உட்கார்ந்திருக்கும் இளைஞன் ஒருவன் கண்ணுக்கு மட்டுமே படும். அவன் பேசாவிட்டால் ஸ்தாபனமே குருடு.

நம் கதையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் விலை போடும் இயந்திரம் வாங்கினோம். சிப்பந்தித் தம்பி ஒருவர், பத்துக் கிலோ அரிசி மூட்டைக்கு ஐந்து கிலோவின் விலையைப் பதிந்துவிட்டார். இரண்டாம் நாளே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்கு முந்திய வாரந்தான், வேறொரு பிழைக்காக வாடிக்கையாளர்கள் முன்னிலையில் அவரைச் சத்தம் போட்டிருந்தோம். வாயைத் திறப்பாரா? ஒன்பது நாள் கழித்து, கணக்குப் பார்க்கையில் நாமே கண்டுபிடித்தோம். முதல் இரண்டு நாள் நஷ்டம் அவருடைய பிழை. மீதி ஏழு நாள் நம்முடைய வாய்.

அன்றிலிருந்து ஒரு மாற்றம் செய்தோம். 'யார் செய்தது?' என்று முதலில் கேட்பதில்லை. 'என்ன ஆயிற்று, இன்னும் ஆகிக்கொண்டிருக்கிறதா?' என்று கேட்கிறோம். யார் என்பதைக் கடையைச் சாத்திய பிறகு தனியாகப் பேசிக்கொள்ளலாம். கடினமாகத்தான் இருக்கிறது. நாற்பது வயதுக்கு மேல் நாக்கைத் திருத்துவது லேசல்ல. இரண்டொரு தடவை சறுக்கியும் இருக்கிறோம். பெரிய அலுவலகங்களில் குழுத் தலைவராயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறோம். நடு இரவில் எழுப்பிச் சொன்னவனிடம், சந்தேகம் பொய்யாகிப் போனாலும், 'சொன்னது நல்லது' என்று சொல்லிவிட்டுப் படுங்கள். இதற்காகவா எழுப்பினாய் என்று ஒருமுறை கேட்டுவிட்டால், அடுத்த தடவை எழுப்ப மாட்டான்.

சென்ற மாதம் காலையில் கடை திறக்க வந்தபோது அதே தம்பி வாசலிலேயே நின்றிருந்தார். "முதலாளி, ராத்திரி குளிர்பெட்டிக் கதவை நான்தான் சரியாச் சாத்தாமப் போயிட்டேன்" என்றார். நாக்கு நுனிக்கு ஒரு சொல் வந்தது, விழுங்கினோம். "எது எது கெட்டிருக்கு, பார்ப்போம் வாங்க" என்று இருவருமாக உட்கார்ந்து பிரித்தோம். பால் அவ்வளவும் போயிற்று. தயிரையும் இறைச்சியையும் வாடிக்கையாளர் கைக்குப் போகுமுன் எடுத்துக் கொட்டினோம். எட்டு மணிக்கு முதல் வாடிக்கையாளர் வந்து பால் கேட்டார். இன்று இல்லை என்றோம்.