மாயக்கதையும் மனத்தின் நிழலும்

மந்திரவாதிகளும் வலுசர்ப்பங்களும் உலாவும் நெடுங்கதைகளை இக்காலத்து இளைஞர் பெரிதும் விரும்பிப் படிக்கின்றனர். இவற்றால் விளையும் பயன் யாது என்னும் வினா கற்றோர் கூடுமிடங்களிற் பன்முறை எழுகின்றது. இல்லாத உலகத்தைப் பற்றிய பொய்யுரைகள் என்றும், பொழுதை வீணாக்குவன என்றும் முடிவு கூறுவாருமுளர். யாமும் நெடுநாள் அக்கருத்தினராகவே இருந்தோம். ஒரு நூலை ஊன்றிப் படித்தபின் அதனை மாற்றிக்கொண்டோம். மாற்றிய காரணத்தை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

நிகழாததைக் கூறுதல் குற்றமாயின், விலங்குகள் பேசும் பஞ்சதந்திரக் கதைகளையும் தள்ளுதல் வேண்டும். ஆதலின் பொய்ம்மை பற்றிய குறையை யாம் பெரிதாக எண்ணவில்லை. அஞ்சத்தக்க குறை வேறொன்றுண்டு. இவ்வகைக் கதைகள் பலவற்றில் தீமை முழுதும் கொடியோன் ஒருவனிடத்தே திரண்டு நிற்கும். அவனை வீழ்த்திவிட்டால் உலகம் நலம்பெறும். படிக்கும் இளைஞன் எப்பொழுதும் நல்லோர் பக்கத்திலேயே தன்னை நிறுத்திக்கொள்கிறான். தன் நெஞ்சிலும் தீமைக்கு இடமுண்டோவென ஆராயும் கடமை அவனுக்கு நேர்வதேயில்லை.

இக்குறைக்கு இடந்தராத நூலொன்றை 1968-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆசிரியை ஊர்சுலா லெ குவின் வெளியிட்டார். 'எர்த்சீயின் மந்திரவாதி' என்பது அதன் பெயர். அம்மையார் 1929-இல் கலிபோர்னியாவிலுள்ள பர்க்லி நகரிற் பிறந்து, 2018-இல் காலஞ்சென்றவர். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கெனக் கதையொன்று எழுதித் தருமாறு பதிப்பாளர் ஒருவர் கேட்டதே நூல் தோன்றியதற்குக் காரணம். வெண்தாடி மந்திரவாதிகளும் ஒருகாலத்தில் இளைஞராயிருந்தனரன்றோ, அவர் தம் வித்தையை எங்ஙனம் கற்றனர் என்னும் எண்ணமே கதைக்கு வித்தாயிற்று.

எர்த்சீ என்பது எண்ணிறந்த தீவுகள் நிறைந்த கடலுலகம். ஆங்கு ஒவ்வொரு பொருளுக்கும் மெய்ப்பெயர் ஒன்றுண்டு. அதனை அறிந்தவனே அப்பொருளை ஆளவல்லான். எனவே மந்திரமாவது முதற்கண் பொறுமையுடன் கற்கவேண்டிய கல்வியேயாம். கதைத்தலைவன் கெட் என்பான், கோண்ட் என்னும் மலைத்தீவில் ஆடு மேய்த்த ஏழைச் சிறுவன். அவனுடைய முதலாசான் ஓகியன், மழையை விலக்கும் ஆற்றலிருந்தும் மரத்தடியில் ஒதுங்கி அதனைப் பெய்யவிடுகிறார். ஆற்றலுடையான் அதனைக் காட்டாதிருப்பதன் பெருமை சிறுவனுக்கு விளங்கவில்லை. விரைந்து புகழ்பெற விரும்பி, ரோக் தீவிலுள்ள வித்தியாசாலைக்குச் செல்கிறான்.

ஆங்கு நேர்வதே கதையின் உயிர்நிலை. உடன்பயிலும் மாணவனொருவனின் ஏளனத்தைப் பொறாத கெட், தன் திறமையைக் காட்டும் பொருட்டு, இறந்தோரின் ஆவியை அழைக்கத் துணிகிறான். திறந்த வழியே உருவற்ற நிழலொன்று வெளிப்பட்டு அவனைப் பற்றிக் கிழிக்கின்றது. தலைமை ஆசான் தம் உயிரை ஈந்து அப்பிளவை மூடுகிறார். ஒரு மாணவனின் செருக்குக்கு மூதறிஞர் ஒருவர் விலையாயினார்.

அதுமுதல் நிழல் அவனைத் தொடர்கின்றது. இடையே, நிழலின் பெயரைச் சொல்லித் தருவதாக வலுசர்ப்பம் ஒன்று ஆசைகாட்டுகிறது. தன்னை நம்பியிருந்த தீவினரின் நலமே பெரிதென்று கெட் அதனை மறுக்கிறான். அஞ்சியோடி அலைந்தவனைப் பழைய ஆசான் ஓகியன் ஏற்று, திரும்பி நின்று துரத்தியதனைத் தான் துரத்துமாறு அறிவுறுத்துகிறார். தோழன் வெட்ச் உடன்வரக் கடலின் கோடிவரை சென்று, நிழலை நேர்நின்று பெயர்சொல்லி அழைக்கிறான். அப்பெயர் வேறன்று, தன் மெய்ப்பெயரே. நிழலைக் கொல்லவுமில்லை, அதனிடந் தோற்கவுமில்லை. தன்னதென்று ஏற்றுக்கொண்டு முழுமனிதனாகிறான்.

நிற்க. நூலிற் குறையில்லையோவெனின், உண்டு. ரோக் வித்தியாசாலையிற் பெண்களுக்கு இடமில்லை. பெண்டிர் மந்திரம் இழிந்ததெனவே பேசப்படுகிறது. 1972-இல் மூன்றாம் நூலை வெளியிட்டுப் பதினெட்டாண்டுகள் கழித்து, 1990-இல் 'தெஹானு' என்னும் நான்காம் நூலை எழுதிய அம்மையார், ஆற்றலிழந்த கெட்டையும், கைம்பெண் ஒருத்தியையும், தீயிற் கருகிய சிறுமியையும் நடுவில் நிறுத்தித் தம் உலகையே மறுபடி நோக்கினார். தம் படைப்பின் நிழலைத் தாமே திரும்பிநின்று கண்டார் என்பது எம் கருத்து. அந்நூல் முன்னவற்றினும் மெல்ல நடப்பது. சிறுவர்க்குச் சலிப்பூட்டலுங் கூடும். ஆயினும் அந்நேர்மை போற்றத்தக்கதே.

மாணாக்கர்காள்! தேர்விற் சிறிது முந்தியவுடன் தோழனை இகழ்வதும், ஒரு சொற் பொறாது பகை கொள்வதும் கல்லூரி வாழ்வில் நாம் காணாதனவல்ல. தவறிழைத்தபின் பிறர்மேற் பழிசுமத்தி ஓடுவதும் அங்ஙனமே. இவற்றை அறிவுரையாகச் சொன்னாற் செவியேறாது. கெட்டின் கதையாகச் சொன்னால் நெஞ்சில் தைக்கும். ஆதலின் மாயக்கதைகளை விலக்குமாறு யாம் கூறோம். நூலை மூடும்பொழுது ஒரு வினாவை மட்டும் எழுப்புமின்: இக்கதை பிறனொருவனை வெறுக்கக் கற்பித்ததோ, அன்றி எம் நிழலை எமக்குக் காட்டிற்றோ? பின்னதாயின், அந்நூலொடு கழிந்த பொழுது வீண்பொழுதன்று.