முதல் நாளே மடியில் ஏறும் குழந்தை

பொன்னேரி

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் குழந்தைகள் ஹோமுக்கு உங்கள் சபை மூலமாக வெளிநாட்டு இளைஞர் குழு வருவதும், பேச்சை மொழிபெயர்க்கவும் பிள்ளைகளோடு இருக்கவும் உன்னைக் கேட்டிருப்பதும் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. போன வருடம் வந்தவர்கள், "முதல் நாளே பிள்ளைகள் ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டார்கள், அன்புக்கு மொழி வேண்டியதில்லை" என்று ஆராதனையில் சாட்சி சொன்னார்களாம். "எனக்கும் அப்படி நடக்குமா ஐயா? நடக்காவிட்டால் நான் என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறாய்.

நடக்கும். நடந்தால் அதைக் கொண்டாடாதே.

உன் அக்கா மகனை எடுத்துக்கொள். முன்பின் தெரியாதவர் வீட்டுக்கு வந்தால் அவன் என்ன செய்கிறான்? அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய் நிற்கிறான். எட்டிப் பார்க்கிறான். அரை மணி நேரம் கழித்துத் தன் உடைந்த கார் பொம்மையைக் கொண்டுவந்து நீட்டுகிறான். ஓடி ஒளிய ஓர் ஆள் இருக்கிற பிள்ளை அப்படித்தான் செய்யும். யார் வந்தாலும் கழுத்தைக் கட்டிக்கொள்கிற குழந்தைக்கு அந்த ஆள் இல்லை. போன வருடத்துக் குழு அன்பின் வெற்றி என்று சொன்னது அந்தப் பிள்ளையின் காயத்தை.

சமூகப்பணி படிக்கிறவள் நீ. தாயின் பராமரிப்பை இழந்த குழந்தைகளைப் பற்றி ஜான் பௌல்பி 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீ தேடிப் படிக்க வேண்டியது பார்பரா டிசார்ட் என்ற உளவியலாளரின் ஆய்வு. லண்டன் காப்பகங்களில் வளர்ந்த சிறு குழந்தைகளை அவரும் அவருடைய சகாக்களும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அங்கே நல்ல சாப்பாடு உண்டு, பொம்மை உண்டு, படிக்கப் புத்தகமும் உண்டு. பார்த்துக்கொள்கிறவர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார்கள். நான்கரை வயது ஆவதற்குள் ஒரு குழந்தையைச் சராசரியாக 50 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் அந்நியரிடமும் அளவுக்கு மீறி ஒட்டினார்கள்; யாரையும் ஆழமாகப் பற்றிக்கொள்ளவில்லை. நீ போகும் ஹோமுக்கு வருடத்துக்கு மூன்று குழுக்கள் வருகின்றன, குழுவுக்குப் பத்துப் பேர் என்று வைத்துக்கொள். ஐந்து வருடம் அங்கே இருக்கும் பிள்ளை எத்தனை பேருக்கு டாட்டா காட்டியிருக்கும் என்று நீயே பெருக்கிப் பார்.

அப்படியானால் முதல் நாட்களில் என்னதான் செய்வது? கற்றுக்கொள்வது. இந்த நாட்டுக்குக் கடல் தாண்டி வந்தவர்களில் நான் மதிக்கிறவர்கள் எல்லோரும் வந்த உடனே மாணவர்களாக உட்கார்ந்தவர்கள். சீகன்பால்கை எடுத்துக்கொள். 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்கு 24 வயது முடிந்திருக்கவில்லை. கூட வந்தவர் புளூட்சாவ். டென்மார்க் அரசர் அனுப்பிய ஆள் என்பதால் தரங்கம்பாடியில் யாரும் வரவேற்றுவிடவில்லை. அங்கிருந்த டேனிஷ் கம்பெனி அதிகாரிகளுக்கே அவர்களைப் பிடிக்கவில்லை. சீகன்பால்க் செய்த காரியம் என்ன தெரியுமா? ஒரு முதிய தமிழ் வாத்தியாரை அழைத்து, அவருடைய திண்ணைப் பள்ளிக்கூடத்தைத் தம் வீட்டிலேயே நடத்தச் சொன்னார். பிறகு அந்தச் சிறுவர்களோடு சிறுவராகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார். ஜெர்மனியில் இறையியல் படித்துக் குருப்பட்டம் பெற்று வந்தவர், ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில்! எழுத்துத் தப்பினால் பக்கத்துப் பிள்ளை சிரித்திருக்கும், விரலைப் பிடித்துத் திருத்தியும் இருக்கும். கொடுக்க வந்த பெரியவருக்குத் தான் ஏதோ கொடுக்க முடிகிறது என்று ஒரு குழந்தை அறிவது எவ்வளவு பெரிய விஷயம்! ஆதரவற்ற பிள்ளைகளுக்கு அவர் பள்ளி தொடங்கியது அதற்குப் பிறகு, 1707-இல். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது அதற்கும் பிறகு. எல்லாரும் அச்சுக்கூடத்தைப் பற்றியே பேசுகிறார்கள், எழுதுகிறார்கள், விழா எடுக்கிறார்கள். எனக்கு அந்த மணல்தான் பெரிது. அந்த மணல் இல்லாமல் அச்சுக்கூடம் இல்லை என்பது என் முடிவு. இதை மறுக்கிறவர்களோடு நான் பல வருடமாக வாதாடி வருகிறேன்.

நம் பழவேற்காட்டிலேயே ஒருவர் இருந்தார். ஆபிரகாம் ரொஜேரியஸ், டச்சுக் கம்பெனியின் போதகர். 1632 முதல் பத்தாண்டுகள் அங்கே இருந்து, பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு இந்த மக்களின் வழிபாட்டையும் வழக்கத்தையும் எழுதிவைத்தார். அவர் இறந்த பிறகு, 1651-இல் அது நூலாக வந்தது. அதே நூற்றாண்டில் அதே கம்பெனி அதே துறைமுகத்திலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றியது. பஞ்ச காலத்தில் பெற்றோர் பிள்ளைகளை விற்ற கரை இது. வெளியூர்க்காரர்கள் எல்லாரும் நல்லது செய்யவே வந்தார்கள் என்று இந்த வட்டாரத்தில் யாரும் சொல்லிவிட முடியாது. உன் குழுவுக்கு இதைச் சொல். பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைகளைப் படம் பிடித்துவிட்டு வந்தால் போதாது.

மிஷனரி ஏமி கார்மைக்கேலைப் பற்றிக் கேட்பாய் என்று தெரியும். 1895-இல் இந்தியா வந்தார். 1951-இல் டோனாவூரில் இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. கோயிலுக்குப் பொட்டுக்கட்ட வைத்திருந்த வீட்டிலிருந்து தப்பி ஏழு வயதுச் சிறுமி பிரீனா அவரிடம் வந்தது 1901 மார்ச்சில். வந்த அன்றே அவள் ஏமியின் மடியில் ஏறிக்கொண்டாள் என்பதுதான் கதை. "அதுவும் முதல் நாள்தானே ஐயா" என்று நீ மடக்கலாம். முதல் நாள் பிரீனாவுக்கு. ஏமிக்கு அது ஆறாவது வருடம். ஏமி தமிழ் படித்து, திருநெல்வேலிக் கிராமங்களில் அலைந்து, இந்த மண்ணில் வேர்விட்ட பிறகு வந்தவள் பிரீனா. ஏறிய மடி அடுத்த ஐம்பது வருடம் அங்கேயே இருந்தது. அதோடு, பச்சைக் குழந்தைகளை அங்கே கழுவித் துடைத்து இரவெல்லாம் கண்விழித்து வளர்த்ததில் பெரும் பங்கு பொன்னம்மாள் என்ற தமிழ் விதவைக்கு உண்டு. குழந்தை வந்த நாளைப் பிறந்தநாள் போல் கொண்டாடுவது டோனாவூர் வழக்கம். இன்னார் எங்களிடம் வந்த நாள் என்று ஒரு வீடே நினைவில் வைத்திருப்பதற்கு, அந்த வீட்டார் அங்கேயே இருக்க வேண்டும்.

உன் ஹோமிலும் ஒரு பொன்னம்மாள் இருப்பார். ஆயா என்றோ வார்டன் அக்கா என்றோ கூப்பிடுவார்கள். முதல் நாள் முதல் வேலையாக அவரிடம் போ. என்ன வேலை பாக்கி என்று கேள். அரிசி பொறுக்கு, துணி மடி, ஈர் எடுக்க உட்கார். மடியில் ஏற வரும் பிள்ளையைத் தள்ளிவிடாதே. பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். அடிபட்டால், பயந்தால், பசித்தால் அது அந்த அக்காவிடம் ஓட வேண்டும். பலூனும் சாக்லேட்டும் உங்கள் கையால் கொடுக்காதீர்கள், அக்காவின் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். எத்தனை நாள் இருப்பாய் என்பதை முதல் நாளே சொல். சுவரில் காலண்டர் இருந்தால் கிளம்பும் தேதியைக் காட்டு. "சீக்கிரம் வருவேன்" என்று பொய் சொல்லி அழவைக்கும் வழக்கத்தை நான் மன்னிக்கவே மாட்டேன்.

"உன் அப்பா எங்கே, அம்மா எப்படிச் செத்தாங்க?" என்று குழுவினர் கேட்கச் சொன்னால் மொழிபெயர்க்க மறுத்துவிடு. பிள்ளைகளைச் சபைக்கு முன்னால் நிறுத்திச் சாட்சி சொல்ல வைப்பதற்கும் துணை போகாதே. குழுவில் தமிழ் தெரிந்தவள் நீ ஒருத்தி என்பதால், தானாகவே ஏதாவது ஒரு பிள்ளை உன்னிடம் மெல்லச் சொல்லலாம். அது பாலியல் கொடுமையாக இருந்தால் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதே. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி நீ காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பது குற்றம்.

திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகளையும் நீ சந்திக்கக்கூடும். அவர்களுக்கு உன் தமிழும் அந்நியம்தான். "தும நா கண?" என்று ஒடியாவில் பெயர் கேட்கக் கற்றுக்கொண்டு போ. உச்சரிப்பைத் திருத்துவார்கள். திருத்தவிடு. சீகன்பால்கின் மணல் உனக்கு அங்கே கிடைக்கும்.

செல்பி பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளம் தெரியும்படி படமோ பெயரோ வெளியிடுவதைத் தடுக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல எண்ணத்தோடு போட்டேன் என்பது பதிலாகாது.

இன்னொரு விஷயம், உன் குழு விரும்பாவிட்டாலும் சொல்ல வேண்டியது. ஹோமில் இருக்கிற பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் பிரித்து வைத்திருக்கிறது. அதே இளைஞர் நீதிச் சட்டம், காப்பகம் கடைசி வழியாக இருக்க வேண்டும் என்கிறது. அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள குழந்தை குடும்பத்தோடு வாழ மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஒரு தொண்டரின் விமான டிக்கெட் பணத்தில் ஒரு பிள்ளையை எத்தனை மாதம் தாயோடு வைத்திருக்கலாம் என்று குழுத் தலைவரிடம் கணக்குப் போட்டுக் காட்டு. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

போவதற்கு முன் அந்த ஹோமின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல். இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி எல்லாக் காப்பகங்களும் பதிவு செய்திருக்க வேண்டும். குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடுதான் பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறார்களா என்றும் கேள். காட்ட மறுத்தால் நீ போகாதே, குழுவையும் கூட்டிப் போகாதே. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்து சொல்லிவிடு.

அன்புடன்,
உன் ஐயா