உதவித்தொகை: தேட வேண்டியவர் யார்?

2024-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 24-ஆம் நாள் மாலை ஐந்து மணி. தன்பாத்திலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இடம் பெற்றிருந்த ஒரு மாணவர் ரூ.17,500 கட்டணத்தை அந்நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். அவர் தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகன். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். கால அவகாசம் நான்கு நாட்களே. குடும்பத்தார் பல இடங்களில் கைநீட்டிப் பணத்தைத் திரட்டி முடிப்பதற்கும் இணையவாயில் மூடப்படுவதற்கும் சரியாக இருந்தது. இடம் பறிபோயிற்று. பின்னர் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று, அரசியல் சட்டத்தின் 142-ஆவது பிரிவின்கீழ் அந்நீதிமன்றம் தனக்குள்ள சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, அவருக்கெனக் கூடுதல் இடம் ஒன்றை ஏற்படுத்துமாறு அதே ஆண்டு செப்டம்பரில் ஆணையிட்டது.

இந்நிகழ்ச்சியில் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பயிற்றுக் கட்டணம் முழுவதும் 2016-ஆம் ஆண்டு முதல் தள்ளுபடி செய்யப்படுகிறது. ஆண்டுக் கட்டணத்தையே விட்டுக்கொடுக்க அரசு அணியமாக இருந்தும், தொடக்கத் தொகை ஒன்றுக்காக ஓர் இடம் கைநழுவவிருந்தது. நம் நாட்டில் உதவித்தொகைத் திட்டங்கள் குறைவு என்று சொல்வதற்கில்லை. உரிய நேரத்தில், உரிய சான்றுடன் அவை உரியவரைச் சென்று சேருவதே அரிதாக உள்ளது.

உதவித்தொகை என்பது ஈகை அன்று. அரசியல் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, கல்வி பெறும் உரிமையையும், நோய், உடல் ஊனம் ஆகிய நிலைகளில் அரசின் உதவி பெறும் உரிமையையும் ஒரே வாக்கியத்தில் இணைத்துக் கூறுகிறது. 46-ஆவது பிரிவு நலிந்த பிரிவினரின் கல்வி நலனைப் பேணுமாறு அரசைப் பணிக்கிறது. இவை நெறிமுறைக் கோட்பாடுகளே எனினும், பின்வந்த திட்டங்கள் அனைத்திற்கும் வித்திட்டவை.

இடையில் நின்றுபோகும் உதவியால் நேரும் இடர் என்ன என்பதற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையே சான்று. 1913-ஆம் ஆண்டில் பரோடா சமஸ்தானம் அளித்த உதவித்தொகையைக் கொண்டு அவர் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். உதவித்தொகைக் காலம் முடிவுற்றமையால் 1917-இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு நாடு திரும்ப நேர்ந்தது. சொந்தச் சேமிப்பையும் பிறர் உதவியையும் கொண்டு மீண்டும் அங்குச் செல்ல 1920 ஆயிற்று. அவர் வைசிராயின் நிருவாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944-இல், பட்டியல் சாதி மாணவர்க்கான மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை தொடங்கப்பெற்றது. இன்றும் நடைமுறையிலுள்ள மிகப் பழைய திட்டங்களுள் இதுவும் ஒன்று.

இத்திட்டத்தின் நிதிப் பங்கீட்டு முறையே நெடுங்காலம் அதற்குத் தடையாக இருந்தது. ஒவ்வோர் ஐந்தாண்டுத் திட்டத்தின் இறுதியாண்டிலும் ஏற்பட்ட செலவை மாநிலங்கள் தம் நிலையான பொறுப்பாக ஏற்க வேண்டும். அதற்கு மேற்பட்ட தொகையை மட்டுமே மத்திய அரசு தரும். பொறுப்பு ஏறிக்கொண்டே போனமையால் பல மாநிலங்களில் தொகை தாமதமாயிற்று. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இம்முறையைக் கைவிட்டு, 60-க்கு 40 என்ற நிலையான பங்கீட்டை ஏற்றது. வடகிழக்கு மாநிலங்களுக்கு அது 90-க்கு 10. ஐந்தாண்டுகளுக்கு மொத்தம் ரூ.59,048 கோடிக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. மத்திய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்கிற்கே நேராகச் செல்கிறது. ஆயினும் மாநிலம் தன் பங்கை முதலில் விடுவித்தாலன்றி மத்தியப் பங்கு நகர்வதில்லை என்பதை அலுவலர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

குறைந்த வருமானமுள்ள குடும்பத்து மாணவர் தேடலைக் கல்லூரி வாயிலில் தொடங்குவது காலங்கடந்த செயலாகும். எட்டாம் வகுப்பிலேயே ஒரு கதவு திறக்கிறது. 2008-இல் தொடங்கப்பட்ட தேசிய வருவாய்வழி மற்றும் தகுதி உதவித்தொகைத் திட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் ஒரு லட்சம் புதிய உதவித்தொகைகள் ஒதுக்கப்படுகின்றன. அரசு, அரசு உதவிபெறும் மற்றும் உள்ளாட்சிப் பள்ளிகளில் படிப்போர் மட்டுமே இதற்குரியவர். பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.3.5 லட்சத்திற்கு மேற்படலாகாது. தேர்வில் வென்றோர்க்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கும். தலைமையாசிரியர் விண்ணப்பிக்கச் செய்யாவிடில் மாணவருக்கு இத்தேர்வைப் பற்றிய செய்தியே எட்டாது. மறு வாய்ப்பும் இல்லை. பீடித் தொழிலாளர், சுரங்கத் தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகளுக்குத் தொழிலாளர் நல அமைப்பு முதல் வகுப்பிலிருந்தே உதவி வழங்குவதும் பலர் அறியாத செய்தி. தொழிற்கல்வி பயிலுவோர்க்கு அது ஆண்டுக்கு ரூ.25,000 வரை உயர்கிறது.

மாற்றுத்திறனாளிகள்

1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றிருந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றை இருபத்தொன்றாக விரித்தது. தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் உயிரணு நோய் ஆகிய குருதி நோய்களும் கற்றல் குறைபாடும் இப்பட்டியலில் இடம்பெற்றன. அதுவரை ‘நோயாளி’ என்று மட்டும் கருதப்பட்டவர் சட்டத்தின் பார்வையில் உரிமையுடையவரானார். குறைபாடு 40 விழுக்காட்டிற்குக் குறையாது எனச் சான்றளிக்கப்பட்டவருக்கு உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டிற்குக் குறையாத இட ஒதுக்கீடும், சேர்க்கைக்கான வயது வரம்பில் ஐந்தாண்டுத் தளர்வும் உண்டு. ஒன்பதாம் வகுப்பு முதல் ஆராய்ச்சிப் படிப்புவரை மத்திய அரசின் உதவித்தொகைகள் தனித்தனியே உள்ளன. தொழில்நுட்பப் பட்டம், பட்டயம் பயிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ‘சக்ஷம்’ திட்டம் ஆண்டுக்கு ரூ.50,000 வழங்குகிறது, குடும்ப வருமான வரம்பு ரூ.8 லட்சம்.

தேர்ந்தெடுக்கும் அறிவு தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. மத்திய இந்தியப் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து, அரிவாள் உயிரணு நோயுடன் கல்லூரியில் சேரும் மாணவி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். பழங்குடியினர்க்கான மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகையும் அவருக்குத் திறந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகையும் திறந்திருக்கிறது. இரண்டையும் ஒருசேரப் பெற விதி இடந்தராது. முன்னது தகுதியுடைய அனைவருக்கும் உரியது. பின்னதற்கு எண்ணிக்கை வரம்புண்டு. விடுதிப்படி, கட்டணம், கிடைக்கும் உறுதி ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்தே ஒன்றைக் கொள்ள வேண்டும். இக்கணக்கை மாணவியே தனியாகப் போட்டுப் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. எதைத் தேர்ந்தாலும் குறைபாட்டுச் சான்றும் தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் கையில் இருப்பது நலம். இட ஒதுக்கீட்டிற்கும் அவை வேண்டும். மருத்துவக் குழுவின் முன் நிற்பதற்கு நாளாகும் ஆதலால், விண்ணப்ப அறிவிப்பு வரும்வரை காத்திருக்கலாகாது.

நோயுற்ற மாணவர்

உள்ளபடியே மிகவும் கைவிடப்பட்டவர் இவரே. வறுமைக்குச் சான்று உண்டு. ஊனத்திற்கும் சான்று உண்டு. காசநோய்க்கோ புற்றுநோய்க்கோ மருத்துவம் பெற்று ஓராண்டை இழந்த மாணவர் இவ்விரு பட்டியல்களிலும் அடங்குவதில்லை. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ்க் குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம்வரை கிடைக்கும் மருத்துவக் காப்பீடு மருத்துவமனைச் செலவைத் தாங்கலாம், படிப்பைத் தாங்காது. ஏற்கெனவே பெற்றுவரும் உதவித்தொகையோ வருகைக் குறைவாலும் தேர்வு எழுதாமையாலும் புதுப்பிக்கப்படாமல் நின்றுவிடுகிறது.

இந்நிலைக்கு விதிகளுக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை விதிமுறைகளில் நெடுங்காலமாக இடம்பெற்றுவந்துள்ள ஒரு பிரிவு, நோயினாலோ எதிர்பாரா நிகழ்ச்சியினாலோ முதல் ஆண்டுத் தேர்வை எழுத இயலாதவருக்கும் அடுத்த ஆண்டிற்கு உதவித்தொகையைப் புதுப்பிக்கலாம் என்கிறது. வேண்டுவன இரண்டு: மருத்துவச் சான்று, தேர்வு எழுதியிருந்தால் அவர் தேறியிருப்பார் என்று நிறுவனத் தலைவர் தரும் சான்று. முதலாவதை மருத்துவமனை தரும். இரண்டாவதை எழுத முன்வரும் முதல்வர் எத்தனை பேர்? இப்படியொரு பிரிவு உண்டென்பதை அறிந்தோரே சிலர் என்பதுதான் உண்மை. நோயுறும் மாணவர் வீடு திரும்பும் நாளிலேயே கல்லூரிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அக்கடிதத்தின் படியைப் பத்திரப்படுத்துவாராயின், ஓராண்டுக்குப் பின் அது அவருக்குத் துணை நிற்கும். உரிய ஆண்டின் வழிகாட்டு நெறிகளில் இப்பிரிவு எவ்வாறு அமைந்துள்ளது எனப் பார்த்துக்கொள்ளுதலும் வேண்டும்.

2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்றும் இங்குப் பொருந்தும். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடுடைய ஒருவருக்கு, 40 விழுக்காட்டுச் சான்று இல்லை என்ற காரணங்காட்டித் தேர்வெழுதும் உதவியாளரை மறுக்கலாகாது என்று நீதிமன்றம் கூறியது. உதவித்தொகைக்கு 40 விழுக்காடு தேவை. தேர்வுச் சலுகைக்கு அவ்வளவு தேவையில்லை. இரண்டும் வெவ்வேறு என்பதை அறியாமல் பலர் இரண்டையும் இழக்கின்றனர்.

அலுவலரின் மேசையில்

2015 முதல் செயற்படும் தேசிய உதவித்தொகை இணையவாயில் பல அமைச்சகங்களின் திட்டங்களை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறது. விண்ணப்பிக்கக் கட்டணம் ஏதும் இல்லை. கட்டணம் கேட்கும் தரகரை நாட வேண்டியதும் இல்லை. ஆனால் மாணவர் விண்ணப்பத்தை அனுப்பியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. முதலில் கல்வி நிறுவனத்தின் நோடல் அலுவலர் அதனைச் சரிபார்த்தாக வேண்டும். பின்னர் மாவட்ட அல்லது மாநில அளவில் அடுத்த சரிபார்ப்பு. பிழையுள்ள விண்ணப்பம் திருத்தத்திற்காகத் திரும்பி வரும். அதனை மாணவர் கவனிக்கத் தவறினாலும், அலுவலர் இறுதி நாளுக்குள் தம் பணியை முடிக்கத் தவறினாலும் விளைவு ஒன்றே. வருமானச் சான்றில் உள்ள பெயரும் ஆதாரிலுள்ள பெயரும் ஓர் எழுத்து மாறுபடுவதும், வங்கிக் கணக்குடன் ஆதார் எண் இணைக்கப்படாதிருப்பதும் சிறு காரணங்களாகத் தோன்றலாம். தொகை நின்றுபோவது பெரும்பாலும் இவற்றால்தான்.

பட்டியல் சாதி மாணவர்க்கான புதிய நெறிகளில், முன்பணம் கேளாது சேர்த்துக்கொள்ள வகைசெய்யும் கட்டண விலக்கு அட்டை இடம்பெற்றுள்ளது. கட்டணத் தொகை மாணவர் கணக்கிற்கு வந்தபின் அவர் அதனை நிறுவனத்திற்குச் செலுத்துவார். தொடக்கத்திற் கூறிய ரூ.17,500 போன்ற தடைகளைக் கல்லூரி வாயிலிலேயே அகற்றும் வழி இது. அட்டையை வழங்குவது மாநிலத் துறையின் பணி. அதனை மதித்து மாணவரைச் சேர்ப்பது முதல்வரின் பணி. சேர்க்கை தொடங்குவதற்கு முன்பே, ஏப்ரல், மே திங்கள்களில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவரின் கையில் அவ்வட்டை இருந்தாக வேண்டும்.